முடி இறக்காத பிள்ளை

பழனியை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு கால்களையும் சேர்த்து மேலே தூக்கிப் பிடித்தால்தான் அவனுக்கு மூத்திரம் வரும். நிற்கவைத்தால் நாலு சொட்டு வரும், பட்டென்று நின்றுவிடும். அப்புறம் அவன் துடிக்கிற துடிப்பைக் கண்கொண்டு பார்க்க முடியாது. முகம் ரத்தமாய்ச் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, குஞ்சைப் பிடித்து இழுத்து இழுத்து அழுவான். இந்தக் கால் தூக்குகிற வித்தையை எந்த வைத்தியனும் தாட்சாயணிக்குச் சொல்லித் தரவில்லை. ஒருநாள் வலி பொறுக்காமல் பிள்ளை தரையில் உருண்டபோது தானாக வந்ததைப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். எந்தத் தாய்க்கும் வாய்க்கக் கூடாத கண்டுபிடிப்பு.

இப்படி வராத மூத்திரம், வேண்டாத நேரத்திலெல்லாம் சொட்டிக்கொண்டே இருக்கும். பகலும் சொட்டும், ராத்திரியும் சொட்டும். பழம்புடவையைக் கிழித்துக் கோவணமாய்க் கட்டி, அது நனைந்ததும் அவிழ்த்து அலசி வேலிமேல் போடுவாள். அந்த வீட்டு வேலியில் ஐந்து வருஷமாய்த் துணி காயாத நாள் கிடையாது. பிள்ளையின் தொடையெல்லாம் வெந்து தோல் உரிந்துகிடக்கும். தெருப் பிள்ளைகள் அவனை விளையாட்டில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அதுகளைச் சொல்லிக் குற்றமில்லை. பெரியவர்களே அப்படித்தான், என்ன, கொஞ்சம் நாகரிகமாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நகரிக்குப் பக்கத்துக் கிராமம். தாட்சாயணியின் புருஷன் கன்னையாவுக்கு அங்கே கொஞ்சம் கொல்லை நிலமும் ஒரு கிணறும் உண்டு. மூன்று வருஷமாக மழை ஏமாற்றியதில் கிணறும் கையை விரித்துவிட்டது. இருந்தும் பிள்ளைக்காக அவன் பார்க்காத வைத்தியமில்லை. நெருஞ்சிமுள் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு, கொள்ளுத் தண்ணீர் எல்லாம் ஆயிற்று. வேப்பகுண்டா பக்கத்திலிருந்து வந்த ஒருத்தன், தொப்புளைச் சுற்றிப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போட்டால் சரியாகும் என்றான். அதற்குத்தான் தாட்சாயணி ஒத்துக்கொள்ளவில்லை. சுடுவதற்குப் பயந்து அல்ல. கம்பி இரும்பு என்பதால்.

இரும்பு பழனியின் உடம்பில் படக் கூடாது. அது சாமிக்குக் கொடுத்த வாக்கு.

இவனுக்கு முன்னால் அவளுக்கு இரண்டு பிறந்தன. முதலாவது பெண், பத்து நாள்கூட இருக்கவில்லை. இரண்டாவது பையன், தவழ ஆரம்பித்த சமயத்தில் பேதியில் போனான். மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது அவள் திருப்பதி மலைக்கு நடந்தே ஏறி, பெருமாள் சந்நிதியில் நின்று, இதையாவது விட்டு வை, இதன் முதல் முடியை உனக்குக் கொடுக்கிற வரைக்கும் இதன் மேல் இரும்பு பட விடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். தொப்புள்கொடி அறுத்ததோடு சரி. அதற்கப்புறம் அவன் நகத்தைக்கூட அவள் பல்லால் கடித்துத்தான் எடுப்பாள். முடி இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டது. எண்ணெய் வைத்து, இரட்டை ஜடை பின்னி, கனகாம்பரம் வைத்துவிடுவாள். பார்க்கிறவர்கள் பெண் பிள்ளை என்றே நினைப்பார்கள். மூன்றாம் வயதிலேயே இறக்கியிருக்க வேண்டிய முடி. மழையில்லாத வருஷங்கள் ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டே போயின. பிள்ளை தங்கிவிட்டான், பெருமாள் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டார். இனி அவள் பாக்கி.

ஆடி மாதம் ஒரு நாள் அவனுக்கு மூத்திரத்தோடு ரத்தம் வந்தது. கன்னையா யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு, சித்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் அப்போது இருந்தவர் சிவசங்கரன் என்கிற டாக்டர். பட்டணத்துத் தமிழர். குரல்தான் கொஞ்சம் முரடு. பழனியை மேஜையில் கிடத்தி, வளைந்த கம்பி ஒன்றைக் கொதிநீரிலிருந்து எடுத்தார்.

"இன்னா கம்பி அது?" என்று தாட்சாயணி பதறினாள்.

"வெள்ளிக் கம்பிமே, நீ சும்மா கீறியா?" என்றான் கன்னையா. அவனுக்கும் அது என்ன கம்பி என்று தெரியாது. அந்த நேரத்துக்கு வாயில் வந்த பொய்.

பிள்ளை வீறிட்டான். ஆயா கங்கம்மாள் அவன் கால்களைப் பிடித்துக்கொண்டு, "தோ ஆயிடுச்சு கண்ணு, தோ ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டர் கம்பியைக் கொஞ்சம் திருப்பினார். உள்ளேயிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பாறையில் கடப்பாரை நுனி தட்டுகிற சத்தம், ஆனால் ரொம்பச் சின்னதாக. கன்னையாவுக்கே கேட்டது.

"கேட்டியா? கல்லு," என்றார் டாக்டர். "மூத்திரப்பைக்குள்ள நெல்லிக்காய் அளவு கல்லு உருண்டுட்டிருக்கு. நின்னா அது வந்து வாயை அடைச்சுக்குது. படுத்தா விலகுது. பையனுக்குத் தண்ணி நிறையக் குடுக்கிறியாம்மா?"

"ஐயோ, இல்லீங்க. குட்த்தாதானே நனைச்சுக்கினே கீறான். வாய நனைக்கிற அளவுக்குத்தான் குடுப்பேன்."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "கல்லுக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கே. இனிமே கேக்கும்போதெல்லாம் குடு."

 தாகம் தாகம் என்று அவன் அழுத ராத்திரிகள் எல்லாம் ஒன்றாய் அவள் கண்முன் வந்து நின்றன.

"கஷாயத்துல கரையாதுங்களா ஐயா?" என்று கன்னையா கேட்டான்.

"மணல் மாதிரி இருந்தா நெருஞ்சிமுள்ளு தள்ளிவிட்டாலும் விடும். இது வெளியே வர்ற வழியைவிடப் பெரிசு. அடிவயித்துல சின்னதாக் கிழிச்சு எடுக்கணும். ரொம்ப நாளா நான் செய்யற வேலை இது. இந்தச் சீமையில பசங்களுக்கு இது சகஜம். ரெண்டு வாரத்துல எழுந்து ஓடுவான்."

"கிழிக்காம வுட்டா?"

"விட்டா, போக வழியில்லாத மூத்திரம் மேலே ஏறும். மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காய் ரெண்டும் அழுகிப்போகும். அதுக்கப்புறம் நான் என்ன, எனக்குக் கத்துக்குடுத்தவரே வந்தாலும் கையைப் பிசைஞ்சுட்டு நிக்க வேண்டியதுதான். படுக்கை காலியா இருக்கு. நாளைக்கே சேத்துடு."

கன்னையா சரி என்று வாயைத் திறப்பதற்குள் தாட்சாயணி டாக்டரின் காலில் விழுந்தாள். "இன்னும் முடி எறக்கலீங்க. கத்தி படாத புள்ளைங்க."

"நான் என்ன தலையிலயா கத்தி வைக்கப்போறேன்?" என்றார் டாக்டர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வேண்டுதலை அழுதுகொண்டே சொன்னாள். டாக்டர் முரடர்தான், ஆனாலும் இந்த ஜனங்களோடு பழகினவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, திருப்பதி என்ன காசி தூரமா? ரயிலேறினா சாயந்திரம் அங்கே இருப்பே. நாளைக்கு முடியைக் குடுத்துட்டு நாளன்னைக்கு வா. நான் எடுத்துடறேன்" என்றார்.

அங்கேதான் சிக்கல். அவர்கள் குலத்தில் முதல் முடியைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் இறக்க வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் இறக்கினால் பிள்ளைக்கு ஆகாது என்பது அவர்கள் சாதி சனத்தின் பேச்சு. பழனிக்கு ஒரே ஒரு மாமன், தாட்சாயணியின் அண்ணன் தணிகாசலம். திருத்தணி கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். அவன் அப்போது வேலூர் ஜெயிலில் இருந்தான்.

ஆந்திரா தனி ராஜ்ஜியமாகப் பிரியப்போகிறது, சித்தூர் ஜில்லா முழுக்க அதோடு போகப்போகிறது என்றதும் தமிழ்ச் சனங்களுக்குக் கொதித்துப்போயிற்று. திருத்தணி எங்களுடையது என்று கூட்டமாய்ப் போய் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் தணிகாசலம். ரயில் நின்றது, போலீஸ் வந்தது, அள்ளிக்கொண்டு போனது. 'இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தவர்களை விட்டுவிட்டார்கள். எழுதித் தராதவர்கள் உள்ளே.

டாக்டர் இதையும் கேட்டுக்கொண்டார். "இந்தாம்மா, ஒண்ணு சொல்றேன். ராஜ்ஜியம் பிரியறப்போ எங்களையும் பிரிச்சுடுவாங்க. நான் மெட்ராஸ் பக்கம் போயிடுவேன். புரட்டாசி பாதிக்குள்ள எப்படியாவது வந்துடு. நடுவுல ஜுரம் வந்துதுன்னா ஒரு நாள் தாமசம் பண்ணாதே."

வீட்டுக்கு வந்ததும் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் அப்படி ஒரு சண்டை அதற்குமுன் வந்ததில்லை.

"சாமி இன்னா உன்னாட்டம் கணக்குப் பாத்துக்கினு குந்திக்கினு கீதா? புள்ள பொழைக்கட்டும், மெதுவா முடி குட்த்துக்கலாம்," என்றான் கன்னையா.

"ரெண்டப் பொதைச்சவ நானு. மூணாவதையும் என் வாயாலயே பொதைக்கச் சொல்றீங்களா?"

"நீதான்மே பொதைக்கப் பாக்கிற!"

சொன்ன மறுகணமே அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் சுவரோடு ஒண்டி உட்கார்ந்து விம்மினாள்.  கன்னையாவும் அந்த இரண்டையும் தன் கையால் புதைத்தவன்தான். ஒருவேளை இவள் சொல்வது மெய்யாகிவிட்டால்? கத்தி வைத்து, பிள்ளை போய்விட்டால், காலம் முழுக்க அவள் முகத்தில் எப்படி விழிப்பது? படித்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். அவன் நெஞ்சில் அது கல்லாய் உட்கார்ந்தது. "சரி, உங்கண்ணன்கிட்டயே போய்க் கேளு. எழுதிக் குட்த்துட்டு வரச் சொல்லு," என்று மென்று விழுங்கினான்.

ஆவணியில் மூன்று பேருமாய் வேலூருக்குப் போனார்கள். ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் தணிகாசலம் தாடியும் மீசையுமாய் வந்து நின்றான். மருமகனைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது. கம்பிக்குள் கையை விட்டு ஜடையைத் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணா, எழுதிக் குட்த்துட்டு வந்துடுண்ணா. ஒரு நாளு வந்து இவன மடியில வச்சுக்கினா போதும்," என்றாள் தாட்சாயணி.

தணிகாசலம் பின்னால் திரும்பிப் பார்த்தான். கூட இருந்தவர்கள் சுவரோரமாய் உட்கார்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தாட்சா, எல்லாரும் உள்ள கீறாங்க. நா மட்டும் எழுதிக் குட்த்துட்டு வந்தா, திருத்தணியில எவன் மூஞ்சியில முழிக்கிறது? கட போர்டுல காறித் துப்புவானுங்க. புரட்டாசியில வுட்டுடுவாங்க. அதுவரைக்கும் தாங்காதா?"

"தாங்குமான்னு எனக்கு இன்னாண்ணா தெரியும்?"

"அப்போ வேற எவன் மடியிலயாச்சும் வச்சு எறக்கு," என்றான். சொல்லிவிட்டு அவனே தாங்காமல், "வேணாம் வேணாம். நா உயிரோட இருக்கறப்போ வேற ஒருத்தன் மடியா? நா வரேன். வந்தவொடனே மொத வேல அதான்" என்றான்.

திருத்தணி தெலுங்கனுக்குப் போகக் கூடாது என்று உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்கு, தங்கை பிள்ளை எமனுக்குப் போகலாமா என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கன்னையாவுக்குக் கேட்க வாய் துடித்தது. மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நடந்தார்கள். வழியில் வெள்ளைக்காரர்கள் கட்டின பெரிய ஆஸ்பத்திரி. சீமை முழுக்கப் பெயர் வாங்கியது. வாசலில் மாட்டு வண்டிகளும் ஜட்காக்களும் வரிசையாய் நின்றன. கன்னையா நின்றான். "இவ்ளோ தூரம் வந்துட்டோம். உள்ள போய்க் காமிச்சுட்டு வந்துடலாம். காமிக்கிறது ஒண்ணும் தப்பில்லயே."

"காமிச்சா அறுக்கணும்னுதான் சொல்லுவாங்க."

"சொன்னா சொல்லட்டும்!" அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடக்கப் போனான். தாட்சாயணி அப்படியே நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். வண்டிக்காரர்கள் கத்தினார்கள். கூட்டம் கூடியது. அவள் எழுந்திருக்கவில்லை. "புரட்டாசிதானே? அண்ணன் வரேன்னு சொல்லிட்டாரு. புரட்டாசிதானே?" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். அந்த வாசலுக்கும் அவர்களுக்கும் நடுவில் பத்து அடிகூட இருக்காது. கன்னையா திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து எழுப்பினான். மூன்று பேரும் பஸ்ஸேறினார்கள்.

புரட்டாசி பாதியில் ஆந்திர ராஜ்ஜியம் பிறந்தது. நகரி கடைத்தெருவில் ஒரு பக்கம் தோரணம் கட்டி மிட்டாய் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். தாட்சாயணி இரண்டையும் பார்க்கவில்லை. அவள் ரயிலடிப் பக்கமே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

பழனி இப்போது முன்போல் அழுவதில்லை. ஓடுவதுமில்லை. வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். சோறு வேண்டாம் என்பான், மீறி ஊட்டினால் வாந்தி எடுப்பான். ஆனால் காலையில் பார்த்தால் கன்னம் இரண்டும் உப்பி, கண்ணெல்லாம் சின்னதாகி, கொழுகொழுவென்று இருப்பான். "டாக்டர் சொன்னாப்புல தண்ணி நல்லாக் குடுக்கறேன். புள்ள கன்னம் வச்சுட்டான் பாருங்க," என்று அவள் கன்னையாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவனும் பார்த்துச் சந்தோஷப்பட்டான். அது சதை இல்லை, நீர் என்று சொல்ல அந்த ஊரில் யாருக்குத் தெரியும்? லேசாய் ஜுரமும் வந்து வந்து போனது. டாக்டர் ஜுரத்தைப் பற்றிச் சொன்னது இருவருக்குமே நினைவு இருந்தது. இருவருமே அதை வாயெடுத்துச் சொல்லவில்லை.

தணிகாசலம் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். ஜெயிலிலிருந்து திருத்தணிக்கு வந்து, கழுத்தில் போட்ட மாலையைக் கழற்றிவிட்டு, அடுத்த ரயிலிலேயே நகரிக்கான ரயிலடி ஏகாம்பரகுப்பத்தில் வந்து இறங்கினான். நேரே திருப்பதிக்குப் புறப்பட்டார்கள். முடியைக் கொடுத்துவிட்டு அப்படியே சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது என்று பேச்சு.

புரட்டாசி சனிக்கிழமை. மலையில் எள் போட்டால் எள் விழாது. முடி இறக்குகிற கல்யாணகட்டாவில் தணிகாசலம் புது வேட்டி கட்டி, சப்பணமிட்டு உட்கார்ந்து, மருமகனை மடியில் வைத்துக்கொண்டான். நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்து ஜடையைப் பிரித்தார். பழனி ஜுரத்தில் சொக்கிப்போய்த் தலையை மாமன் கையில் சாய்த்திருந்தான். ஐந்து வருஷத்து முடி கொத்துக் கொத்தாய் விழுந்தது. தாட்சாயணி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே அழுதாள். பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தாள்.

பக்கத்தில் ஒரு பெண் தன் பிள்ளையைத் தானே மடியில் வைத்துக்கொண்டு முடி இறக்கிக்கொண்டிருந்தாள். தாட்சாயணி அவளைக் கேட்டாள்: "புள்ளைக்கு மாமன் இல்லீங்களா?"

"கீறாங்க. பட்டாளத்துல. லீவு கெடைக்கல."

"அப்போ நீங்களே வச்சுக்கினா ஒண்ணும் ஆகாதா?"

நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரித்தார். அவருக்குத் தமிழும் தெலுங்கும் ஒன்றாய்க் கலந்துதான் வரும். "எவரி மடி ஆனா இன்னாம்மா? தலை தேவுடுக்கு. மடி தேவுடுக்கா? தினம் நூறு புள்ளைங்க அம்மா மடியிலதான் வருது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த தலைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார். தாட்சாயணி நின்ற இடத்திலேயே நின்றாள். தணிகாசலம் மடியில் விழுந்த முடியைத் தட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. அந்த டாக்டர் ஆடி மாதத்தில், ரயிலேறினால் சாயந்திரம் அங்கே இருப்பாய் என்று சொன்னது அவள் காதில் திரும்பக் கேட்டது. அன்றைக்கே இந்த மடியில், தன் சொந்த மடியில் வைத்திருக்கலாம். அவள் அதற்குமேல் நினைக்கப் பயந்தாள். மொட்டைத் தலையில் சந்தனத்தை அப்பி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற ரயிலில் ஏறினார்கள். பாகாலாவில் வண்டி வெகுநேரம் நின்றது. பழக்கத்தில் தாட்சாயணி கோவணத் துணியை மாற்றக் கையை விட்டாள். துணி காய்ந்திருந்தது. மலையில் கட்டிய துணி. அதிலிருந்து இந்நேரம் வரை ஒரு சொட்டு நனையவில்லை. அவளால் நம்ப முடியவில்லை. இரண்டு தரம் தொட்டுப் பார்த்தாள்.

"ண்ணா! தோ பாருண்ணா! நனையவே இல்ல!"

தணிகாசலத்தின் முகம் அப்படியே மலர்ந்தது. அந்த நாவிதர் சொன்னதிலிருந்து அவன் யாரோடும் பேசியிருக்கவில்லை. "பாத்தியா! முடி குட்த்த கையோட பெருமாள் கண்ணத் தொறந்துட்டாரு. அஞ்சு வருசமா நிக்காதது நின்னுடுச்சே! நா சொல்லல, முறையாச் செஞ்சாதான் பலன்னு? எறங்குங்க, எறங்கி ஊருக்கே போயிடலாம். இன்னாத்துக்கு இனிமே கத்தி?"

தாட்சாயணி பிள்ளையைக் கட்டிக்கொண்டு முத்தமாய்க் கொடுத்தாள். அவன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். விக்கல் எடுத்துக்கொண்டே இருந்தது. கன்னையா பிளாட்பாரத்திலிருந்து இட்லியோடு வந்தான். விஷயத்தைக் கேட்டான். துணியைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகத்திலும் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. அப்புறம் பிள்ளையின் விக்கலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நைனா இட்லி வாங்கியாந்துக்கிறேன், துன்றியாடா?"

பழனி தலையசைக்கக்கூட இல்லை.

"காமிச்சுட்டே போயிடலாம்," என்றான் கன்னையா. "சரியாயிடுச்சுன்னு அவுங்க வாயால சொல்லட்டும்." இந்தத் தடவை தாட்சாயணி மறுக்கவில்லை. சந்தோஷத்தில் அவள் எதற்கும் சம்மதிக்கிற நிலையில் இருந்தாள்.

சித்தூரில் சிவசங்கரன் டாக்டர் இல்லை. மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் குண்டூர்ப் பக்கத்து இளைஞர், தெலுங்கு மட்டும் பேசினார். கங்கம்மாள்தான் இவர்களை அடையாளம் கண்டுகொண்டாள். "ஜடை போட்டுக்கினு இருந்த புள்ளையா? இவ்ளோ நாளா எங்க போனீங்க?" என்று கேட்டுக்கொண்டே பிள்ளையைக் கையில் வாங்கினாள்.

"சரியாயிடுச்சுங்க ஆயாம்மா," என்றாள் தாட்சாயணி. "நேத்துலேர்ந்து ஒரு சொட்டு நனைக்கல."

கங்கம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளையின் கன்னத்தை ஒரு விரலால் அழுத்தினாள். அழுத்தின இடம் குழியாகவே நின்றது. உடனே உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.

டாக்டர் ரப்பர் குழாய் விட்டுப் பார்த்தார். கலங்கலாய் இரண்டு சொட்டு வந்தது, அவ்வளவுதான். அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார். மூத்திரப்பை வெறுமையாய்க் கிடந்தது. வெளியே வந்து, அவர்கள் மூவரையும் உட்காரச் சொன்னார். தாட்சாயணிக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். அன்றைக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

கல் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் இப்போது அடைத்துக்கொண்டு நிற்கவில்லை. அடைப்பதற்கு மூத்திரம் இல்லை. குண்டிக்காய் இரண்டும் நின்றுபோயின. உடம்பெல்லாம் விஷம் ஏறிவிட்டது. விக்கல் அதனால்தான். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேண்டுமானால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

தணிகாசலம் மடியிலிருந்த துண்டை எடுத்து வாயில் வைத்து அடைத்துக்கொண்டான். கன்னையா எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். பெண்டாட்டியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"கோசி தீசேயண்டி சாமி," என்றாள் தாட்சாயணி. அறுத்து எடுத்துவிடுங்கள் என்று.

டாக்டர் தலையை ஆட்டினார். அறுத்தால் மேஜையிலேயே போய்விடும், அறுத்தும் லாபமில்லை என்றார்.

"இல்ல சாமி, அறுக்கலாம். முடி குட்த்தாச்சு. நேத்தே குட்த்தாச்சு." அவள் உள்ளே ஓடினாள். கட்டிலில் கிடந்த பிள்ளையை வாரிக்கொண்டு வந்து, தலையில் சுற்றியிருந்த துணியை விலக்கி, சந்தனம் காய்ந்து வெடித்த மொட்டைத் தலையை அவருக்குக் காட்டினாள். "தோ பாருங்க. இனிமே எங்க வேணும்னாலும் கத்தி வெக்கலாம். தடை ஒண்ணும் இல்ல. வெட்டுங்க சாமி."

டாக்டர் அந்தத் தலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இவள் எதற்காகத் தலையைக் காட்டுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. கன்னையா பக்கம் திரும்பினார், தணிகாசலம் பக்கம் திரும்பினார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அவள் தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றி வெட்டுங்கள் வெட்டுங்கள் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.